மோட்டார் சைக்கிளும் தோற்சட்டையும்

மனிதன் உடுக்கும் உடைகளுள் அழகுக்காகத் தோன்றியவை உண்டு. மானத்துக்காகத் தோன்றியவை உண்டு. தொழிலின் இடுக்கண் ஒன்றைத் தாங்குவதற்கென்றே தோன்றியவையும் உண்டு. பனையேறும் தொழிலாளி தம் மார்பில் ஒரு தோலைக் கட்டிக்கொண்டு மரம் ஏறுவார். பனையின் சொரசொரப்பு நெஞ்சைக் கிழிக்காமல் அத்தோல் காக்கிறது. அதில் வேலைப்பாடு எதுவும் இல்லை, வேண்டியதும் இல்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அணிந்த தோற்சட்டையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. திரைப்பட நாயகர்களின் மேனியில் கண்டு கண்டு, அதனை வெறும் ஆடம்பர உடை என்று நாம் எண்ணிவிட்டோம். அதன் கோணலான ஜிப், சாய்ந்த பை, இடுப்பு வார், அக்குளில் உள்ள சிறு துளை ஆகிய ஒவ்வொன்றும் ஓட்டியவர் பட்ட ஒரு துன்பத்துக்கு விடையாக வந்தது என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

"குளிர்நாட்டுச் சட்டைக்கும் ஓமலூருக்கும் என்ன தொடர்பு?" என்று மாணவர் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சேலத்திலிருந்து ஓமலூர் வழியாகத் தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். அப்பக்கத்து மேட்டு நிலங்களில் யாரும் விதைக்காமலே ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அதே சாலையில் கருப்பூரை ஒட்டி வெள்ளைக்கல் குன்றுகள் உள்ளன. பார்வைக்குச் சுண்ணாம்பு போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டனர். உண்மையில் அவ்வெண்மை மாக்னசைட்டின் வெண்மை. அம்மலைப் பகுதியில் குரோமைட்டு என்னும் கருங்கனிமமும் கிடைக்கிறது. விலங்கின் தோலை அழுகாத பொருளாக மாற்றுவதற்கு உலகம் பெரிதும் நம்பிய வழிகள் இரண்டு. ஒன்று மரஞ்செடிகளின் துவர்ப்பை ஊட்டுவது. மற்றொன்று குரோமிய உப்பை ஊட்டுவது. முதல் வழிக்கு வேண்டிய செடியும் இரண்டாம் வழிக்கு வேண்டிய கனிமமும் ஒரே சாலையோரத்தில் அமைந்த ஊர் ஓமலூர். தோற்சட்டையின் கதையை இங்கிருந்து பார்ப்பதில் தவறில்லை. ஆயினும் முதலில் பிரிட்டனுக்குச் சென்று வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனி உடை இருக்கவில்லை. குதிரை மீதும் திறந்த மோட்டார் வண்டியிலும் செல்வோர் அணிந்த நீண்ட கோட்டையே இவர்களும் அணிந்தனர். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது; காற்றில் படபடத்தது. அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சென்றது திறந்தபடி ஓடிய ஒரு வார். நீண்ட கோட்டின் நுனி அதில் சிக்கினால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பல்கலைக்கழக மாணவர்கள் பலர் தம் சொந்த மோட்டார் சைக்கிள்களோடு வந்து, படையின் செய்தி தாங்கிகளாகச் சேர்ந்தனர். பின்னர் 'டிரையம்ஃப்' நிறுவனத்தின் 'எச்' வகை வண்டிகள் ஆயிரக்கணக்கில் போர்க்களம் சென்றன. சேற்றிலும் மழையிலும் இரவிலும் விளக்கின்றி ஓட்டிய அவ்விளைஞர்கள், எந்த உடை உதவும், எந்த உடை உதவாது என்பதைத் தம் உடம்பாலேயே கற்றனர்.

அதே போரில் விமானிகளும் இருந்தனர். அக்கால விமானத்தில் ஓட்டுநருக்கு மேலே கூரை இல்லை. உயரத்தின் குளிரும் காற்றின் வேகமும் அவரை நேரே தாக்கின. ஆகவே விமானிகளுக்குத் தோற்கோட்டுகள் வழங்கப்பட்டன. போர் முடிந்தபின் மிஞ்சிய கோட்டுகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. மோட்டார் சைக்கிள்காரர்கள் அவற்றை வாங்கி அணிந்தனர். 1892-இல் லண்டனில் தோன்றிய 'லூயிஸ்' என்னும் உடைக்கடை பின்னாளில் விமானிகளுக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் தோலுடை தைத்துப் புகழ் பெற்றது. காற்றை எதிர்த்துச் செல்வோர் இருவரும் ஒரே தையற்காரரிடம் வந்து சேர்ந்தனர் எனலாம்.

இனி அச்சட்டையை மேசை மேல் விரித்துப் பார்ப்போம்.

முதலில் காற்றின் கணக்கு. வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் இரட்டிப்பதில்லை; நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 12 கிலோ எடையளவு அழுத்தும் காற்று, 100 கிலோமீட்டரில் 47 கிலோ எடையளவு அழுத்துகிறது. இந்த அழுத்தம் பொத்தானுக்கும் பொத்தானுக்கும் இடையிலுள்ள சந்து வழியே உள்ளே புகும். பழைய தோற்சட்டைகள் மார்பில் இரண்டு மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு தைக்கப்பட்டது இதனால்தான். இன்று நாம் அறியும் ஜிப்பின் வடிவத்தைச் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிடியன் சண்ட்பேக் என்னும் பொறியாளர் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். 1928-இல் நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் அதனை மோட்டார் சைக்கிள் சட்டையில் பொருத்தியது. பிரிட்டனின் தையற்காரர்களும் ஜிப்பை ஏற்றனர். ஆனால் ஜிப்பின் பற்களுக்கிடையிலும் காற்று நுழைகிறது. எனவே பழைய இரட்டை மடிப்பை அவர்கள் கைவிடவில்லை. ஜிப்பின் பின்னே ஒரு தோற்பட்டையாக அதனை நிலைக்கச் செய்தனர். புதுமை வந்தவுடன் பழமையைத் தூக்கி எறியாத இந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

அந்த ஜிப் ஏன் கோணலாக ஓடுகிறது? வண்டியின் மேல் முன்னோக்கிக் குனிந்து அமர்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான ஜிப் அவருடைய வயிற்றின் நடுவே புடைத்து மடங்கும்; மேல்நுனி தொண்டைக்குழியில் குத்தும். ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் இரண்டும் இல்லை. அதனோடு, மார்பின் மேல் இரட்டைத் தோல் அமைந்து, காற்று நேரே மோதும் இடம் கனமாகிறது. வெயில் வந்தால் மேல்மடிப்பைத் திறந்து விடலாம். குளிர் வந்தால் கழுத்து வரை இழுத்துப் பூட்டி, காலரைச் சிறு வாரால் தொண்டையோடு இறுக்கலாம்.

சட்டை இடுப்போடு நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. அமர்ந்திருப்பவரின் மடியில் சட்டை குவிந்தால் இருக்கையில் உடலை அசைக்க முடியாது. ஆனால் முன்னே குனியும்போது குட்டைச் சட்டையின் பின்பக்கம் மேலேறி முதுகின் கீழ்ப்பகுதி திறந்துவிடும். அங்கே புகும் குளிர்காற்று பொறுக்க முடியாதது. அதற்காக முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைச் சற்று நீளமாக வெட்டினர். கைகள் முன்னோக்கி நீண்டிருப்பதால் தோளின் பின்புறம் தோல் இழுபடும் அல்லவா? அவ்விடத்தில் விசிறி போல விரியும் மடிப்புகளை வைத்தனர். நேரே நிற்கும்போது கண்ணாடியில் அழகாகத் தோன்றாத சட்டை, வண்டியில் அமர்ந்ததும் உடலோடு பொருந்திவிடும். நல்ல மோட்டார் சைக்கிள் சட்டைக்கு அதுவே அடையாளம். கடையில் நின்றபடி அளவு பார்த்து வாங்கியவர் பாதையில் வருந்துவார்.

இடுப்பு வாரின் கதை சுவையானது. இடுப்பை இறுக்கினால்தான் கீழிருந்து காற்று ஏறாது. ஆனால் வாரின் உலோகப் பூட்டு வயிற்றின் நடுவே இருந்தால், குனியும்போது பெட்ரோல் தொட்டியின் பளபளப்பான வண்ணத்தை அது கீறிவிடும். தம் தோல் கீறப்பட்டாலும் பொறுக்கும் மோட்டார் சைக்கிள்காரர், தொட்டி கீறப்பட்டால் பொறுக்கமாட்டார்! பூட்டு பக்கவாட்டுக்குச் சென்றது. சில சட்டைகளில் வாரே நீங்கி, இடுப்பின் இருபுறமும் இரு சிறு இறுக்கிகள் மட்டும் நின்றன.

மணிக்கட்டிலும் ஜிப் உண்டு. சட்டைக் கை அகலமாக இருந்தால்தான் கையை நுழைக்க முடியும். ஒடுக்கமாக இருந்தால்தான் காற்றுப் புகாது. நுழைத்தபின் ஜிப்பை இழுத்து ஒடுக்கி, அதன்மேல் நீண்ட கையுறையை ஏற்றிக்கொள்வர். பைகள் ஏன் சாய்ந்துள்ளன? அமர்ந்த நிலையில் நேரான பையிலுள்ள பொருள் வெளியே நழுவும். உள்ளே கை விடுவதும் எளிதன்று. 1936-இல் பார்பர் நிறுவனம், பல நாள் நீளும் பன்னாட்டுப் போட்டி ஒன்றுக்கென உருவாக்கிய சட்டையின் இடமார்பில் சாய்வாக ஒரு பை வைத்தது. ஓட்டுநர் அமர்ந்தபடியே வழிப்படத்தை எடுத்துப் பார்க்கவே அந்தச் சாய்வு. அச்சட்டை தோலால் ஆனதன்று. மெழுகூட்டிய பருத்தித் துணியால் ஆனது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தோல் காற்றைத் தடுக்கும், நெடுமழையைத் தடுக்காது. நனைந்த தோல் எடை கூடி, உலர்ந்தபின் விறைத்துப்போகும். பிரிட்டனோ மழை நாடு. அதனால்தான் பார்பரும், 1924-இல் தோன்றிய பெல்ஸ்டாஃப் நிறுவனமும் மெழுகுத் துணிச் சட்டைகளைப் பரப்பின. மழையில் வழி தேடுபவர் மெழுகுத் துணியைக் கொண்டார். வேகத்தையும் விழுவதையும் எண்ணியவர் தோலைக் கொண்டார்.

ஆம், விழுவதை எண்ணித்தான். காற்றும் குளிரும் அன்றாடத் துன்பங்கள். விழுவது என்றோ ஒருநாள் நேர்வது. ஆனால் அந்த ஒருநாளில் சட்டை தன் கடமையைச் செய்தாக வேண்டும். சாலையில் சறுக்கிச் செல்லும் உடலுக்கும் கருங்கல் சல்லிக்கும் இடையே நிற்பது சட்டை ஒன்றே. தோள், முழங்கை ஆகிய இடங்களில் இரட்டைத் தோல் வைத்ததற்குக் காரணம் இதுவே. முதுகை ஒரே துண்டாக வெட்டியதற்கும் இதுவே காரணம். தோல் தேய்வதற்கு முன்பே நூல் அறும். நூல் அறுந்தால் சட்டை வாய் பிளக்கும். ஆகவே தையல் எத்தனை குறைவோ அத்தனை நலம். முன்னாளில் குதிரைத் தோலையும் பின்னாளில் மாட்டுத் தோலையும் மிகுதியாகக் கையாண்டனர்.

இருப்பினும் சட்டையால் தலையைக் காக்க இயலாது. அரேபியப் பாலைவனப் போரால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதத்தில் தம் 'பிரஃப் சுப்பீரியர்' மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலைக்காயத்தால் சில நாட்களில் இறந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் படையின் செய்தி தாங்கிகள் தலையடிபட்டு இறப்பதை அவர் ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படை தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

இப்பொழுது ஓமலூருக்குத் திரும்புவோம். சட்டைக்கு முன் தோல் வேண்டும். தோலுக்கு முன் பதனிடும் பொருள் வேண்டும். உரித்த தோல் சில நாட்களில் அழுகும். ஆவாரம் பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்பொருள் உள்ளது. பட்டையை இடித்து நீரில் ஊறவைத்து, அந்நீரில் தோலை வாரக்கணக்கில் கிடத்தினால், துவர்ப்பு நாரோடு நாராகக் கலந்து தோலை நிலைப்படுத்தும். ஆவாரையில் பதனிட்ட தோல் ஒளி பட்டால் சிவக்கும் இயல்பினது. அதனைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் நனைத்தெடுத்தனர். பிறகு எண்ணெய் தடவி உலர்த்தினர். இவ்வாறு சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல், 'கிழக்கிந்தியக் கிப்ஸ்' என்ற பெயரால் லண்டன் சந்தையில் நற்பெயர் பெற்றது. வணிகம் பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதி முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தது. குழிகளில் இறங்கி உழைத்தவர் பெரும்பாலும் ஆதிதிராவிடத் தொழிலாளர். ஊர் அவர்களைத் தீண்டாமல் ஒதுக்கியது. அவர்கள் கை பட்ட தோலை உலகம் விலை கொடுத்து வாங்கியது.

முதல் உலகப்போரில் இந்தத் தோலின் மதிப்பு வெளிப்பட்டது. படைவீரர்களின் பூட்ஸுகளுக்கு மேற்புறத் தோல் வேண்டும் என்று, சென்னைக் கிப்ஸின் ஏற்றுமதியை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. சேற்றில் வண்டி ஓட்டிய பிரிட்டிஷ் வீரனின் காலடியில் நம் மேட்டு நிலத்து ஆவாரையும் ஒரு பங்கு பெற்றது. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை இறக்குமதியாகி, ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓமலூர்ப் பக்கத்தில் ஆவாரம் பூ இப்போது பொங்கல் காப்புக் கட்டுக்குப் பறிக்கப்படுகிறது. பட்டை உரிப்பாரைக் காண்பது அரிது.

குரோமிய வழி வேறு வகையானது. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்கு உரிமம் பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. துவரிட்ட தோல் வெந்நீரில் சுருங்கும். குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். மென்மையாக மடங்கும், நனைந்து உலர்ந்தாலும் எளிதில் வெடிக்காது. மெல்லிய தோலில் சட்டை தைப்பதற்கு இதைவிட ஏற்றது எது? தோலுடை வணிகம் பெருகியதற்கு ஜிப்பைப் போலவே இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஐ ஒட்டி இம்முறையைச் சென்னையில் சோதித்தார். அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898-இல் இங்கே தொடங்கிவைத்தவரும் அவரே. அவர் எதற்காகக் குரோமியத் தோல் செய்தார் தெரியுமா? கோட்டுக்காக அன்று, கவலைக்காக. மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலையில் தோலாலான பகுதி எப்போதும் நீரில் ஊறிக்கொண்டே இருக்கும், விரைவில் அழுகும். குரோமியத் தோலானால் நெடுநாள் உழைக்கும் என்று அவர் கருதினார். லண்டனில் குதிரைத் தோலில் கோட்டுத் தைத்த காலத்தில், சென்னையில் உழவனின் கிணற்றுக்காகத் தோலை ஆராய்ந்திருக்கிறார்கள்! இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. மின்சாரப் பம்பு வந்தபின் கவலை மறைந்துவிட்டது.

1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1955-இல், பிரிட்டனின் 'ராயல் என்ஃபீல்டு' நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் 'புல்லட்' மோட்டார் சைக்கிளைச் செய்யும் ஆலை உருவாயிற்று. சில ஆண்டுகளில் அதன் உறுப்புகள் அனைத்தும் இங்கேயே செய்யப்பட்டன. வண்டி வந்தது, சட்டை வரவில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் கருந்தோலை அணிந்து யார் வெளியே செல்வார்? பருத்திச் சட்டையோடும் வேட்டியோடும் நம்மவர் அதே வண்டியில் ஏறி அமர்ந்தனர்.

பிரிட்டனில் அதே ஆண்டுகளில் சட்டை வேறொரு பொருள் பெற்றது. லண்டன் வடக்கு வட்டச் சாலையில் 1938-இல் தொடங்கிய 'ஏஸ் கஃபே' என்னும் உணவுக்கடை, போரில் குண்டால் அழிந்து 1949-இல் மீண்டும் எழுந்தது. இரவு முழுதும் திறந்திருந்த அங்கே தோற்சட்டை இளைஞர்கள் கூடினர். தோற்சட்டைக் கூட்டம் ஒன்று சிற்றூரைக் கலக்குவதைக் காட்டிய 'தி வைல்டு ஒன்' என்ற அமெரிக்கப் படத்துக்குப் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1954-இல் அனுமதி மறுத்தது, 1967-இல்தான் இசைந்தது. காற்றைத் தடுக்கத் தைத்த சட்டை, பெரியோர் கண்ணுக்குப் போக்கிரியின் சீருடையாகிவிட்டது. ஓட்டாதவர்களும் அதை அணியத் தொடங்கினர். கோணல் ஜிப்பின் காரணத்தை நாம் மறந்தது அப்பொழுதிலிருந்துதான்.

1973-இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பதனிட்டு முடித்த தோலையும் தோற்பொருளையும் அனுப்புமாறு தொழிலைத் திருப்பியது. அதன்பின் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் தோலுடைத் தொழில் வளர்ந்தது. மேலை நாட்டுக் கடைகளுக்கு இங்கிருந்து சட்டைகள் சென்றன. அதற்கு விலை கொடுத்தது பாலாறு. தோலாலைகளின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் மாவட்ட மக்களின் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒருவன் தோலைக் காக்கும் சட்டைக்காக மற்றொருவன் குடிநீர் கெட்ட கதையை, சட்டையின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது.

பழைய தையற்காரர்கள் அனுபவத்தால் அறிந்ததைப் பின்னாளில் அறிஞர்கள் எண்ணால் அளந்தனர். சுழலும் சொரசொரப்பான பட்டையின் மேல் துணியை அழுத்தி, எத்தனை நொடியில் ஓட்டை விழுகிறது என்று பார்ப்பது முறை. 2002-இல் வெளியான ஐரோப்பியத் தர அளவை, மிகுதியாக அடிபடும் இடங்களுக்கு முதல் நிலையில் 4 நொடியும் இரண்டாம் நிலையில் 7 நொடியும் தாங்க வேண்டும் என்றது. மெல்லிய பருத்திச் சட்டை ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஓமலூர் நெடுஞ்சாலையில் இன்று ஓடும் இருசக்கர வண்டிகள் எத்தனை, அவற்றை ஓட்டுவோர் அணிந்திருப்பது என்ன என்பதை மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

வெயில் நாட்டுக்கு என்ன வழி? பழைய லண்டன் சட்டையின் அக்குளில் பித்தளை வளையமிட்ட இரண்டு மூன்று துளைகள் இருந்தன. வியர்வை ஆவியாகி வெளியேற அவை வைக்கப்பட்டன. அவ்விடத்தில் நேரே காற்று மோதாது. விழுந்தாலும் எளிதில் தேயாது. அந்தச் சிறு துளையே இந்தியச் சாலைகளுக்கெனத் தைக்கும் சட்டைகளில் மார்பு முழுவதும், முதுகு முழுவதும் வலையாகப் பரவியிருக்கிறது. தோளிலும் முழங்கையிலும் மட்டும் கனமான துணியும், அதனடியில் அடி தாங்கும் தட்டும் வைத்து, மற்ற இடங்களில் காற்றுப் புகுமாறு விட்டிருக்கிறார்கள். பழைய சட்டை எந்தக் காற்றை வெளியே நிறுத்தியதோ, அந்தக் காற்றைப் புதிய சட்டை உள்ளே அழைக்கிறது. இரட்டைத் தோல் இருந்த இடங்கள் மட்டும் மாறவில்லை.